ஹேமலதாவும் பட்டுத் தண்ணீரும்

என் ஓரகத்தி ஹேமலதாவின் முகத்துக்கு ஊர்ப்பட்ட ரசிகர்கள். ஆனால் அந்த முகத்தை அசலாகப் பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் இருக்கும் நாலு பேர்தான்.

ஆரணியை ஒட்டிய சேவூரில் எங்கள் மாமியார் அம்மணிக்குச் சாயப்பட்டறை, கூடவே பட்டுப் புடவை வியாபாரம். தினமும் பதினொரு மணிக்கு ஹேமலதா புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு போனில் லைவ் பேசுவாள். அவள் சிரித்தால் புடவை போகும். அவளுக்கு வாய்த்த தோல்தான் பெரிய பேஜார். வறண்டு உரியும், அதன் மேலேயே பருவும் வரும். எண்ணெய் தடவினால் பரு, தடவாவிட்டால் வெடிப்பு. கடலை மாவு, முல்தானி மட்டி, எலுமிச்சை, வேப்பிலை என்று எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. இயற்கையானது ஒன்றும் பண்ணாது என்று அப்படி ஒரு நம்பிக்கை!

போன வருஷம் போனில் எதையோ படித்துவிட்டு ஓடிவந்தாள். "அக்கா, பட்டு நூல்ல இருக்கிற பசையைத்தான் வெளிநாட்டுல க்ரீம்ல போடறாங்களாம். நம்ம அதை தினமும் சாக்கடையில ஊத்திகினு இருக்கோம்!"

பட்டறையில் பதப்படுத்தாத பட்டு நூலைக் கொப்பரையில் போட்டு வேகவைப்போம். பசை கரைந்து நூல் வெள்ளையாகும். அந்தத் தண்ணீரை ஆறவைத்து முகம் கழுவினாள். இரண்டு நாள் கன்னம் வழவழவென்று இருந்தது. அது பசை தந்த வழவழப்பு இல்லை, கொப்பரையில் கொட்டும் சோப்பும் சோடா உப்பும் தோலை அரித்த வழவழப்பு. அது எங்களில் ஒருத்திக்காவது உறைத்ததா? பிறந்த வீட்டுப் பட்டறையிலிருந்தே சோடா உப்பைப் பார்த்தவள் நான், எனக்கே உறைக்கவில்லை.

அந்த இரண்டு நாளில்தான் வினை வந்தது. லைவில் யாரோ, "முகத்துக்கு என்ன போடுறீங்க?" என்று கேட்டார்கள். ஹேமலதா வாய் திறப்பதற்குள் பின்னால் நின்ற அத்தை, "பட்டுத் தண்ணி! எங்க கிட்டயே கிடைக்கும்!" என்று கத்திவிட்டார். அடுத்த வாரமே பாட்டில் வந்தது, அதன் மேல் ஹேமலதா படமும் வந்தது. வடிகட்டி ஊற்றியவள் நான்தான். வேறு யாரைச் சொல்ல?

ஒரு மாதத்தில் அவள் கன்னம் சிவந்து செதில் செதிலாக உரிந்தது. தோல் டாக்டர் விசாரித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "இரண்டு மாசத்துக்கு மேக்கப் கூடாது, மூலிகை கூடாது, அந்தத் தண்ணி கூடவே கூடாது. நான் எழுதித் தர்ற களிம்பு மட்டும்."

வீட்டுக்கு வந்து சொன்னாள். அத்தை கேட்டுக்கொண்டால்தானே! "ரெண்டு மாசம் மூஞ்சி காட்டலன்னா அந்தத் தண்ணிய எவ வாங்குவா? போன்லதான் பளபளன்னு காட்டறதுக்கு இருக்குதில்ல, அதைப் போட்டுக்கோ."

"எரியுதுங்க அத்தை."

"எல்லாருக்கும்தான் எரியுது."

அவள் புருஷன், என் கொழுந்தன் பலராமன், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தட்டைப் பிடுங்கியிருக்க வேண்டும். நானும் பேசாமல் குழம்பு ஊற்றினேன்.

அன்றிலிருந்து காலையில் மேக்கப் கிரீம், அதன் மேல் பவுடர், அதற்கும் மேல் போனில் இருக்கும் ஃபில்டர் போடும் பளபளப்பு. லைவ் முடிந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். வெகு நேரம் தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

போன புதன்கிழமை, லைவ் முடிந்த நேரத்தில் ஒரு பெண் வந்தாள். பேர் காவ்யா, பிளஸ் டூ படிக்கிறாள், பெரணமல்லூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள். துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள்.

"இன்னும் ரெண்டு பாட்டில் வோணும்க்கா. ஒண்ணு பத்தல," என்றபடி துப்பட்டாவை எடுத்தாள். ஐயோ, அந்தப் பிள்ளையின் கன்னமா அது! இரண்டு பக்கமும் வெடித்துச் சிவந்திருந்தது.

ஹேமலதா ஈரத் துணியை எடுத்துத் தன் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பவுடர் போனது, அடியில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது.

"பாத்துக்கோ. அந்தத் தண்ணி பண்ண வேலை இது. இனிமே தொடாத. நல்ல தோல் டாக்டரா பாரு, கண்ணு."

உள்ளே இருக்கும் அத்தைக்குக் கேட்டால் வீடு இரண்டாகும். ஆனாலும் அப்பாடா, சொல்லிவிட்டாளே என்றிருந்தது.

காவ்யா அவள் முகத்தையே வெகு நேரம் பார்த்தாள். பயப்படவில்லை. கோபப்படவும் இல்லை. கிட்டே நகர்ந்து வந்து மெதுவாகக் கேட்டாள்.

"இவ்ளோ இருந்தும் லைவ்ல ஒண்ணுமே தெரியலியேக்கா. அதுக்கு இன்னா போடறீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

ஹேமலதா என்னைப் பார்த்தாள். பிறகு துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். அந்தக் கண்ணீர்கூட அவளுக்கு எரிந்திருக்கும்.