மாடல் என்றால் இரண்டு அர்த்தம்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றும் குழப்பம்தான். ஆனால் இங்கிலீஷ் எழுத்துகளை மட்டும் அச்சடித்ததுபோல் எழுதுவேன். அது பள்ளிக்கூடத்தில் கற்றதல்ல. ஃபேஷன் பத்திரிகைகளைப் பார்த்துப் பழகியது.

அந்தப் பத்திரிகைகளை வைத்துத்தான் நான் மேலே வந்தேன். வருகிற வழியில் ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்தேன். தெரியாமல் அல்ல... தெரிந்தே.

எண்பதுகளின் நடுவில் ஓசூர் தொழிற்பேட்டையில் ஓர் எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனியில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். மக்கள் தொடர்பு அதிகாரியின் அறைக்கு வெளியே எனக்கு ஒரு ஸ்டூல். அவருக்குப் பம்பாயிலிருந்து ஃபேஷன் பத்திரிகைகள் வரும். அவர் புரட்டிப் போட்டதும் நான் எடுத்துக்கொள்வேன். கேண்டீனில் கேலி செய்தார்கள். "என்னாப்பா, எந்த ஊரு பொண்ணு பாத்துக்கினு இருக்கற? லண்டனா?" நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சு வராது.

நான் பார்த்ததெல்லாம் காலர்களையும் தோள்களையும், வரவேற்பு மேசையில் பூ வைத்திருந்த விதத்தையும்தான். படத்துக்குக் கீழே உள்ளதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒருமுறை வெளிநாட்டுக்காரர்கள் வருவதற்கு முன் அதிகாரியிடம் மெதுவாகச் சொன்னேன்: "சார், இந்த வருசம் தோளு பெருசா வெச்சிதான் போட்டுக்கறாங்க. அந்த ரகத்த முன்னாடி மாட்டலாமே." மாட்டினார்கள். ஆர்டர் கிடைத்தது. அதன்பிறகு விருந்தினர் யார் வந்தாலும் என்னைத்தான் தேடினார்கள். வாய் இல்லாதவனுக்குப் பத்திரிகையே வாயாக இருந்தது.

ஆனாலும் உட்காரும் இடம் அதே ஸ்டூல்தான்.

அப்போதுதான் பெங்களூர்ப் பத்திரிகை ஒன்று, தைக்கும் பெண்ணே தான் தைத்த உடையைப் போட்டு நிற்கிற படம் வேண்டும் என்று கேட்டது. கம்பெனிக்கு நல்ல விளம்பரம். தையல் லைனில் எந்தப் பெண்ணும் ஒப்புக்கொள்ளவில்லை. அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "நீ ஒரு பொண்ணக் கூட்டிட்டு வா. இந்த ரூமுக்குள்ள உனக்கு ஒரு சேர் போடறேன்."

ஒரு சேர்... அவ்வளவுதான் என் விலை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் லைனில் 'மாடல்' என்றால் ஆள் அல்ல. புது ஆர்டர் வந்ததும் பார்வைக்கு அனுப்ப முதலில் ஒரே ஓர் உடுப்பைத் தைப்பார்கள். அதுதான் மாடல். சுத்தமான கைக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். "அவ மாடல் தெக்கறா" என்றால் லைனில் மரியாதை, வீட்டில் பெருமை. பத்திரிகையில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம். இரண்டும் தெரிந்தவன் எங்கள் தெருப்பக்கம் நான் ஒருவன்தான்.

நாகரத்னா எங்கள் லைனில் தைத்தவள். மத்திகிரியில் நான் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த தெரு. என்னை அண்ணா என்பாள். அவள் அப்பா முனியப்பா மாட்டுப் பண்ணையில் கூலி வேலை செய்தார். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு, என்னிடம் தமிழ். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ச் சொன்னேன்: "பாப்பாவ மாடலுக்கு எடுக்கலாம்னு ஆபீஸ்ல சொல்றாங்க."

முனியப்பாவின் முகம் மலர்ந்தது. "அப்டியா தம்பி? தையில கல்யாணம் வெச்சிருக்குது. அதுவரைக்கும் மாடலே தெக்கட்டும். மாப்ள வீட்ல சொல்லிக்கவும் நல்லா இருக்கும்."

தைக்கட்டும் என்றார். என் காதில் தெளிவாக விழுந்தது. திருத்த எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் அவர் கொடுத்த டீயைக் குடித்தேன்.

படம் எடுக்கிற நாளில் கையில்லாத ஒரு கவுனைக் கொடுத்ததும் நாகரத்னா என்னைத் தேடி வந்தாள். "அண்ணா, தெக்கறதுக்குன்னுதானே சொன்னீங்க?"

"இதுவும் மாடல்தாம்மா. நம்மூர்ல யாரு இங்கிலீஷ் புக்கு வாங்கறா? ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."

"நீங்க இங்கயே நிக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

நின்றேன். நான் நின்றதால்தான் அவளும் நின்றாள்.

யாரும் அந்தப் பத்திரிகையை வாங்கவில்லை, உண்மைதான். நானே கொண்டுவந்தேன்! மத்திகிரி சலூனுக்குப் பழைய பத்திரிகைகளைக் கொடுப்பது என் வழக்கம். இந்தப் புது இதழையும் கொண்டுபோய் விரித்துக் காட்டினேன். "இது என்னோட ஏற்பாடு" என்றேன். நாலு பேர் எதிரில் எனக்கு அன்றுதான் பேச்சு வந்தது. திரும்பும்போது இதழை அங்கேயே விட்டு வந்தேன். மறந்தா விட்டேன்? இல்லை... இன்னும் நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான்.

பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் அங்கே சவரத்துக்கு வருகிறவன். கிழித்த பக்கத்தோடு போய் முனியப்பா வீட்டெதிரில் நின்று தெருவே கேட்கப் பேசினான். "துணி தெக்கறான்னு சொன்னீங்களே மாமா. இங்க துணி பத்தாம நிக்கறா பாருங்க."

கல்யாணம் நின்றது. நாகரத்னா வேலையை விட்டு நின்றாள். எனக்கு அதிகாரியின் அறைக்குள் சேர் வந்தது, மக்கள் தொடர்பு உதவியாளர் என்ற பெயரோடு.

அந்தச் சேரில் உட்கார்ந்திருந்தபோதுதான் முனியப்பா வந்தார், மகளோடு, அவளுக்கு வரவேண்டிய மீதிச் சம்பளத்துக்காக. என்னைப் பார்த்ததும் தோள் துண்டைக் கையில் எடுத்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"சார்," என்றார். அதுவரை தம்பி என்று அழைத்தவர். "தப்பு எங்க மேலதான் சார். நீங்க மாடல்னு தெளிவாதான் சொன்னீங்க. மாடு கட்டறவனுக்கு இங்கிலீஷ் வார்த்தை என்னா புரியும்? நான் தலைய ஆட்டிட்டேன். எங்களால உங்களுக்கு ஆபீஸ்ல கெட்ட பேரு ஒண்ணும் வரலயே?"

கதவோரம் நாகரத்னா நின்றிருந்தாள். நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு?

"பரவாயில்ல" என்றேன்.

அவரை நான் மன்னித்தேன்!

நாகரத்னா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "போனீ நாயனா" என்றாள். விடு அப்பா என்று அர்த்தம். அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். நடந்ததை அவள் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த தெருவில் என்னைக் கண்டபோதெல்லாம் அவர் கும்பிட்டிருப்பாரா? பத்து வருஷத்துக்கு மேல் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். அவள் காலில் விழவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். விழலாம்... ஆனால் அவளிடம் நான் புதிதாக ஒப்புக்கொள்ள எதுவும் இல்லை. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரியாதவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். தன் அறியாமையால்தான் மகள் வாழ்க்கை போயிற்று என்று நம்பியவர். அவரிடம் அந்தப் 'பரவாயில்லை'யைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவே இல்லை.

இன்று அவருக்குக் காரியம். பந்தலில் போய் உட்கார்ந்தேன். எழுந்து வரும்போது நாகரத்னா, "சாப்ட்டுப் போங்க சார்" என்றாள்.

மத்திகிரி,
1998, கார்த்திகை மாதம்,
முனியப்பாவுக்குக் காரியம் முடிந்த நாள்.