அப்பாவின் மேல் ஒட்டிய சொல்

எங்கள் அப்பா கண்மூடி ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும், மூத்த மகளாகிய நான் வணக்கத்துடன் எழுதுகிறேன்.

அப்பா பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பின்னர் டிக்கோயாவுக்கு வந்து, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலையில் சேர்ந்தார். அவர் வெட்டிய மலையைத் துரையே நின்று பார்ப்பாராம். ஆனால் ஆபீஸ் பதிவில் அவர் வெறும் 'கூலி'. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிறகும் வெள்ளைக்காரன் காலத்து அந்தப் பழைய சொல் போகவில்லை.

தம்பி பிறந்தபோது, பிள்ளையின் பிறப்புப் பதிவிலாவது அது விழக்கூடாது என்று அப்பாவுக்கு ஒரே பிடிவாதம். தோட்டப் பள்ளிக்கூட மாஸ்டரிடம் போய் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைக் கேட்டார்.

"வடநாட்டுல ஒரு சாதிப் பேருல இருந்து வந்துச்சுன்னும் சொல்றாங்க. நம்ம தமிழ்க் கூலிதான்னும் சொல்றாங்க. வெள்ளைக்காரன் அத எடுத்து, கப்பல் ஏறுன ஆளுக்கெல்லாம் பேரா வச்சிட்டான்" என்றார் மாஸ்டர்.

அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நல்ல நியாயம் கிடைத்துவிட்டதாம்! கறுப்புக் கோட்டு, தலைப்பாகையோடு ஆபீசுக்குப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன்.

"ஐயா, கூலிங்கிறது நாங்க வாங்குற சம்பளமுங்க, ஆளு இல்லீங்க. அது எங்க வார்த்தைங்க. தொழிலாளின்னு போடுங்க."

பதிவெழுதும் கிளாக்கர் ஐயா சிரித்தார். "ஒங்க வார்த்தைதானே? அப்புறம் என்னப்பா வெக்கம்?"

தம்பியின் பதிவிலும் அந்தச் சொல்லையே எழுதினார். அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை பதில் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைக்கவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை.

கடைசி மாதங்களில் இருமல் அவரைப் படுக்கையில் தள்ளியது. மரணத்தைப் பதியப் போனபோதும் அதே சொல்லைத்தான் எழுதினார்கள். தம்பி எதிர்த்துப் பேச வாயெடுத்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

மழையில் வழுக்கும் மலையில் அப்பாவைத் தோளில் சுமந்த மாமன் மச்சான்மார், எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட லயத்துப் பெண்கள், இம்மலரை அச்சிட உதவிய ஹட்டன் நண்பர்கள் அனைவருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

முகப்பில் அப்பா படத்தின் கீழே 'கவ்வாத்துத் தொழிலாளி' என்று போட்டிருக்கிறோம். தயவுசெய்து அதை ஒரு முறை வாய்விட்டு வாசியுங்கள். அவர் காதுபட யாரும் அவரை அப்படிச் சொன்னதில்லை.