கருப்பட்டிப் பேச்சும் என் கவுன்சிலர் பதவியும்

எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதாக அறிவிப்பு வந்த அன்று என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அவருக்குக் கணக்கு வேலை. பொழுது சாய்ந்தால் கட்சி மேடை, திருவிழாக் காலத்தில் பட்டிமன்றம். கவுன்சிலர் ஆகிவிட வேண்டும் என்று வெகு காலமாகக் காத்துக் கிடந்தவர். மறுநாள் காலை முகம் தெளிந்து, தையல் மிஷினில் இருந்த என் முன்னால் வந்து நின்றார்.

"ஏட்டி, நீ நிக்கணும்."

"எங்க நிக்கணும்? இந்தக் கையத் தச்சுட்டு வாரேன்."

"எலெக்சன்ல நிக்கணும்ங்கேன்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "பேருக்குத்தான் நீ. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். தொண்ணூறுகளின் நடுவில் வந்த அந்தத் தேர்தலில் ஊருக்கு ஊர் இதே கதைதான். சுவரொட்டியில் என் பெயர் சின்னதாக, கும்பிட்ட கையோடு அவர் படம் பெரிதாக.

ஆனால் தெருவில் இறங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வார்டில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தவள் நான். எந்த வீட்டில் யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள் என்பது எனக்கு அத்துப்படி. ஓட்டுக் கேட்கப் போனால் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். "மைனி, ஜெயிச்சா தைக்கறத விட்டுருவீகளா?" என்று கவலைப்பட்டார்கள். கழுத்தில் மாலை, முன்னால் கொட்டு, பின்னால் பிள்ளைகள். கல்யாணத்தன்று கூட நான் அப்படி மிதந்ததில்லை.

ஒருநாள் காலை நாங்கள் தெருவில் வந்துகொண்டிருந்தபோது எதிர்முனையிலிருந்து மைக் கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. அதில் என் வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்தார். அவரோ என் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார்.

"நம்ம தொண்ட மாதிரியில்ல இருக்கு?" என்று அவர் முதலில் பெருமையாகத்தான் காதைத் தீட்டினார். ஆட்டோ கிட்டே வந்தது. எதிர்க்கட்சி ஆட்டோ.

"வெள்ளக்காரன் ரெயில் குடுத்தான், தபால் குடுத்தான். நிறத்த மட்டும் குடுக்காமப் போயிட்டானேய்யா! நம்ம ஊர்க்காரன ஆப்பிரிக்காவுல கொண்டு விட்டா, 'வா சித்தப்பா'ன்னு கூட்டிட்டுப் போயிருவான்! என் கதையக் கேளுங்க. பால்கோவா ஊர்ல பொண்ணு எடுக்க வந்தேன். கருப்பட்டியக் கட்டிக் குடுத்து அனுப்பிட்டாக!"

கேசட்டில் கைதட்டலும் விசிலும் பறந்தன. அது அடங்கியதும் வேறொரு குரல் கேட்டது: "தமிழினத்தின் நிறத்தையே இழிவுபடுத்தியவரின் மனைவிக்கா உங்கள் ஓட்டு? சிந்திப்பீர்!"

கொட்டு அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்தேன். ஈயாடவில்லை.

அந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. எண்பதுகளில், எங்களுக்குக் கல்யாணமான புதிதில், ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பிறந்த வீட்டுத் தெருக் கோயில் பொங்கலுக்குப் போயிருந்தோம். அங்கே பட்டிமன்றம். வாழ்க்கைக்குத் தேவை நிறமா, குணமா என்பது தலைப்பு. நிறத்துக்குப் பேச வேண்டியவர் பஸ்ஸைத் தவறவிட்டார். "மாப்பிள்ளை பேசட்டும்" என்று இவரை ஏற்றிவிட்டார்கள். இவர் எடுத்த எடுப்பிலேயே கூட்டத்தைக் கவிழ்த்தார். கருப்பட்டி என்று சொன்னதும் முன் வரிசைப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரித் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் சிரிக்கிறேனா, அழுகிறேனா என்று தெரிய வேண்டும் அவர்களுக்கு. நான் கொலுசுத் திருகாணியைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். என் அப்பா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தேன். "மேடையில சொன்னதுட்டி, மனசுல இல்ல" என்று வழியெல்லாம் எட்டி எட்டிச் சொன்னார். ஆளும் பொல்லாதவர் இல்லை. நாளாக ஆக அந்தக் கோபம் கரைந்துவிட்டது. மைக் செட்காரர் அதையெல்லாம் பதிந்து வைத்திருந்தார் என்பதும், அந்தக் கேசட் கைமாறி இத்தனை வருடம் கழித்து எங்கள் தெருவுக்கே வரும் என்பதும் யாருக்குத் தெரியும்?

அதன் பிறகு ஊரே அதைத்தான் பேசியது. டீக்கடையில் கருப்பட்டிக் காப்பி கேட்டால் சிரிப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவர் குரலிலேயே "வா சித்தப்பா" என்று பேசிக்காட்டினார்கள். தேவதானத்தில் இருக்கும் என் நாத்தனார் பஸ் ஏறி வந்து, "ஏண்ணே, ஒனக்கு மட்டும் என்ன, தங்கக் கலரா?" என்று அண்ணனைக் கேட்டுவிட்டுப் போனார். உண்மையில் என் வீட்டுக்காரர் என்னைவிட ஒரு பிடி கருப்பு. கட்சியின் நகரப் பொறுப்பாளர் வந்து, "அண்ணாச்சி, தேர்தல் முடியற வரைக்கும் வீட்டோட இருங்க" என்று கும்பிட்டார்.

எனக்கோ கொண்டாட்டம். அதுவரை என்னைத் தெரியாத தெருக்களிலெல்லாம் என்னைப் பார்க்கப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். "அந்தக் கருப்பட்டி நீங்கதானா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நான்தான், நான்தான்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிச் சொல்லி எனக்கே சிரிப்பு அடங்கவில்லை. எதிர்க்கட்சி ஆட்டோ எங்கள் பெட்ரோல் செலவை மிச்சப்படுத்திக்கொண்டிருந்தது.

அவரால்தான் சும்மா இருக்க முடியவில்லை. விளக்கம் சொல்லியே தீருவேன் என்று தண்ணீர்க் குழாய் முக்கில் ஒரு மாலைக் கூட்டம் போட்டார். நல்ல கூட்டம். பாதிப் பேர் அந்தக் கருப்பட்டிப் பேச்சை நேரில் கேட்கலாம் என்று வந்தவர்கள்.

"தாய்மார்களே! பட்டிமன்றம் என்பது ஒரு கலை. கொடுத்த அணிக்குப் பேசுவது பேச்சாளனின் கடமை. வக்கீல் கொலைகாரனுக்காக வாதாடினால், வக்கீலே கொலைகாரன் ஆகிவிடுவாரா?"

ஒன்றிரண்டு கைதட்டல் கேட்டது. அவருக்குக் குரல் ஏறியது. அப்போது குழாயடியிலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். மில்லில் நூலைக் கோனில் சுற்றும் வேலை பார்ப்பவள். ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தாள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அண்ணாச்சி, செத்த நேரம் நிப்பாட்டுங்க. நான் ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"என் மகளப் பொண்ணு பாக்க வந்தவுக, மிச்சரத் தின்னுட்டு, 'பொண்ண ஆப்பிரிக்காவுல விட்டா சித்தப்பா வீட்டுக்குப் போயிரும்'னு சொல்லிச் சிரிச்சுட்டுப் போனாக. அது அவுக சொந்தப் பேச்சுன்னு இம்புட்டு நாளும் நெனச்சிருந்தேன். இப்பத்தான் தெரியுது, அது ஒங்க பேச்சுன்னு. எம்மக இன்னைக்கும் யாராவது வீட்டுக்கு வாராகன்னா பொறவாசல் வழியாப் போயிருதா. நீங்க அணி மாறிப் பேசிட்டிய. எம்மக எந்த அணிக்கு மாற?"

இருபது வருட மேடைக்காரர் மைக்கை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றினார். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கூட்டத்தில் குனிந்திருந்தது அப்படியே வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. என் வலி பஸ்ஸிலேயே பாதி தீர்ந்துவிட்டது. அவள் மகளுடையது தீராமல் இருந்திருக்கிறது.

அதுவரை நான் மைக்கைத் தொட்டதில்லை. அவர் கையிலிருந்து வாங்கினேன். 'கொய்ங்' என்று அலறியது. பயந்து தள்ளிப் பிடித்தேன்.

"அக்கா கேக்கறது நியாயம்" என்றேன். "இவிய பேசுனது தப்பு. எந்த அணிக்குப் பேசியிருந்தாலும் தப்புதான். அன்னைக்கே நான் எந்திரிச்சு, 'எறங்குங்க கீழ'ன்னு சொல்லியிருக்கணும். புதுப்பொண்ணு, வாய் வரல. இப்ப வருது."

கூட்டத்தில் ஒரு பெண் விசிலடித்தாள். பெண் விசிலடித்து அன்றுதான் கேட்டேன். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"எனக்கு ஓட்டுப் போட்டா இவியளுக்குப் போட்டதா நெனைக்காதிய. குழாயில தண்ணி வரலன்னா என்னையக் கேளுங்க. இவியளக் கேட்டா மேடையும் மைக்கும் கேப்பாக!"

சிரிப்பு பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே என் வீட்டுக்காரர் மேடையை விட்டு இறங்கி, மில்காரப் பெண்ணிடம் போனார். மைக் இல்லாமல், எதுகை மோனை இல்லாமல், "தப்புத்தாம்மா. மன்னிச்சிரு. ஒம்மககிட்டயும் வந்து சொல்லுதேன்" என்றார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. மறுநாள் காலை அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டும் வந்தார். மகள் கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டுவிட்டு, "சரி" என்று மட்டும் சொன்னாளாம்.

ஜெயித்துவிட்டேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை, ஆனாலும் ஜெயித்துவிட்டேன். ஊர்வலத்தில் ஜீப்பில் ஏறப் போனவரை மில்காரப் பெண்கள், "அண்ணாச்சி நடந்து வரட்டும்" என்று கீழேயே நிறுத்திவிட்டார்கள். ஜீப் கம்பியைப் பிடித்து நின்றபடி, கலர்ப் பொடி அப்பிய முகத்தோடு நான் திரும்பிப் பார்த்தபோதெல்லாம், அவர் கொட்டுக்காரர்களுக்குப் பின்னால் வேர்க்க வேர்க்க வந்துகொண்டிருந்தார்.

முதல் நகர்மன்றக் கூட்டத்துக்குப் போனபோதுதான் எனக்குக் கிடைத்தது என்னவென்று புரிந்தது. மற்றப் பெண் உறுப்பினர்கள் எல்லாருக்கும் பின்னால் கணவர்கள் நின்றிருந்தார்கள். கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார்கள். பேச வேண்டியதைக் காதில் ஓதினார்கள். என் பின்னால் யாரும் இல்லை. ஆபீசில் ஆட்கள் "கருப்பட்டி" என்று முணுமுணுப்பார்கள் என்ற கூச்சத்தில் என் வீட்டுக்காரர் வாசலைத் தாண்டவே மறுத்துவிட்டார்.

அதிகாரி ஒருவர் கட்டுக் காகிதத்தோடு வந்து என் தலைக்கு மேலே தேடினார். "சார் வரலையாம்மா?"

"எந்த சார்?" என்றேன்.

அவர் திகைத்து, காகிதத்தை என் கையிலேயே கொடுத்தார். வரி விடாமல் படித்தேன். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டேன். எங்கள் தெருவுக்கு இரண்டாவது குழாய் வேண்டும் என்று எழுந்து சொன்னேன். உட்கார்ந்ததும், ஊஞ்சலில் உந்திவிட்ட மாதிரி இருந்தது. இன்னொரு தடவை எழுந்து பேசலாமா என்றிருந்தது. பேசினேன்.

கூட்டம் முடிந்து வந்தால், எதிர் டீக்கடையில் அவர் சைக்கிளோடு நின்றிருந்தார். "என்ன நடந்துச்சு?" என்றார். சொல்ல ஆரம்பித்தேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர் வர, அதிகாரி முழித்ததை, குழாய்க்குக் கை தூக்கியவர்களை, எதிர்த்துப் பேசியவரின் மூக்குக் கண்ணாடி நழுவியதை எல்லாம் வீடு வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் "ம்" கொட்டிக்கொண்டே வந்தார்.