லாடம் இல்லாத குளம்பு

தெருவுக்கே வேலை போனது ராமாயியின் வாயால்தான் என்று இன்னமும் சொல்கிறார்களே, அவள் என்ன பொய்யா சொன்னாள்? சொல்கிறவர்கள் எல்லாரும் அன்றைக்குக் கண்காட்சிப் பந்தலில் கடலை கொறித்துக்கொண்டு கேட்டவர்கள்தானே!

எழுபதாம் வருஷம், கூலித் தகராறு. மிராசுதார் பஞ்சநதத்தின் அறுப்புக்கு நின்ற வயலைக் குதிரைகள் மிதித்துத் துவைத்திருந்தன. கோடியக்கரைக் காட்டுக் குதிரைகளை விரட்டிவந்து விட்டான் என்று, சங்கக்கொடி பிடித்த வீரையன் மேல் கேசு. வீரையன் ராமாயியின் புருஷன். அவன் லாக்கப்பில். அவள் குடிசையோ மிராசுதார் மனையில். வயலில் கண்டதைச் சொல்ல வாயைத் திறந்தால் வீடு போகும், திறக்காவிட்டால் புருஷன் போவான்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் ஊர் வரலாற்றுக் கண்காட்சி வைத்தார்கள். பழைய மரக்கால், செப்புக் காசு இவற்றோடு, காட்டில் பிடித்த நொண்டிப் பெட்டைக் குதிரை ஒன்றும் மூங்கில் அடைப்புக்குள் நின்றது. விறகு பொறுக்கக் காட்டுக்குப் போகும் ராமாயிக்குத்தான் அது அடங்கும்.

"நீயே சனங்களுக்குச் சொல்லிக் காட்டு ராமாயி" என்றார் சாவித்திரி டீச்சர்.

"வேண்டாங்க டீச்சர்."

"குதிரையைப் பத்திதானே, அதுக்கென்ன பயம்?"

அதைப் பற்றித்தானே பயம்!

முன்வரிசை நாற்காலியில் மிராசுதார். எதைத் தின்னும், எந்தக் குட்டையில் தண்ணீர் குடிக்கும் என்பதை மட்டும் சொன்னாள்.

"இதுல ஏறி ஊர்வலம் போவலாமா அக்கா?" என்றான் கூட்டத்தில் நின்ற பையன் வைரக்கண்ணு.

"ஏறிப் பாரு தம்பி. எலும்பு பொறுக்க சாக்கு எடுத்தாறேன்."

பந்தலே சிரித்தது. அவளுக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து, கூட்டத்தில் இருந்த ஞானாம்பாள் கேட்டாள்: "காலுல லாடம் இருக்கா?"

ராமாயி மிராசுதாரைப் பார்க்கவில்லை. குனிந்து குதிரையின் காலைத் தூக்கிக் காட்டினாள். "காட்டுக் குதிரைக்கு யாருங்க லாடம் அடிப்பா? வெறுங்குளம்புதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மிதிபட்ட வயல்சேற்றில் காய்ந்து கிடந்ததெல்லாம் லாடத் தடம். எல்லாரும் பார்த்ததுதான். ஊரில் லாடம் அடித்த குதிரை நின்றது பஞ்சநதத்தின் லாயத்தில் மட்டும்.

மறுநாள் அவருடைய காரியக்காரர் நாகநாதன் வந்தார். "நாளைக்குக் கோர்ட்டுல சாட்சி கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னுடு. மனை உனக்கே."

"அத்தனை பேர் முன்னால சொன்னதை எப்படிங்க முழுங்குறது?"

"அப்ப உன் தெருவுல ஒருத்தருக்கும் இனி வேலை கிடையாது."

தெருவை நினைத்து அழுதாள். புருஷனை நினைத்தும் அழுதாள். காலையில் பானை சட்டியெல்லாம் தானே வாசலில் எடுத்து வைத்துவிட்டு, குனிந்து வெளியே வந்து, கோர்ட்டுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.