ஒன்றரை மணி நேரம்

சிங்கப்பூரில் பஸ் ஸ்டாப்பில் ஒரு பலகை இருக்கிறது. உங்கள் பஸ் மூன்று நிமிடத்தில் வரும் என்று சொல்லும். சொன்னபடியே வந்தும் விடும். பதினோரு வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. ஸ்ரீரங்கத்தில் பிறந்தவளுக்கு நேரம் என்றால் "இதோ வந்துடும்" என்பதுதான். அந்தத் தைரியத்தில்தான் அம்மாவிடம் ஒரு பொய் சொன்னேன்.

முதல் லீவு முடிந்து திரும்பிய அன்று, திருச்சி ஏர்போர்ட் வாசலில் அம்மா அழுத அழுகைக்கு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நான் வந்த டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன். "இங்க பாரும்மா, அங்க பத்து மணிக்குக் கிளம்பினேன், இங்க பதினொன்றரைக்கு இறங்கிட்டேன். ஒன்றரை மணி நேரம்தான்." சிங்கப்பூர்க் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதையும், பறப்பது நாலு மணி நேரம் என்பதையும் சொல்லவில்லை. அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அட, அவ்வளவுதானா! உங்கண்ணன் மெட்ராஸ்லேர்ந்து வர ஆறு மணி நேரம் ஆக்குறானே" என்றாள்.

அதோடு விட்டாளா? தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். தீபாவளிக்கு அண்ணன் கார் சமயபுரம் நெரிசலில் மாட்டித் தாமதமானால், "அவ சிங்கப்பூர்லேர்ந்தே வந்துட்டா, உனக்கென்ன கேடு?" என்று ஏசுவாள். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிப்பான், காட்டிக்கொடுக்க மாட்டான். எனக்கும் அந்தப் பெருமை பிடித்திருந்தது, மறைப்பானேன்.

ஆபீஸில் பக்கத்து இருக்கைச் சீனப் பெண், "நாலு மணி நேரம்தானா? அப்போ வாராவாரம் போவாயா?" என்று கேட்டாள். லீவு கிடைக்காது, டிக்கெட் கிடைக்காது என்றெல்லாம் விளக்கினேன். "ஆனால் நாலு மணி நேரம்தானே?" என்றாள் மறுபடியும். அவளுக்கும் புரியவைக்க முடியவில்லை.

போன மாசியில் ஒரு சாயங்காலம் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மாடியில் குடியிருக்கும் கோகிலா அக்காதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அண்ணனுக்கு உடனே போன் போயிற்று. எனக்கு மறுநாள் காலையில்தான். அதற்குள் அன்றைய திருச்சி விமானம் புறப்பட்டுவிட்டது. அடுத்த நாள்தான் சீட் கிடைத்தது. பதினொன்றரைக்கு இறங்கி போனை ஆன் செய்ததும் அண்ணன் குரல்: "ஆஸ்பத்திரிக்கு வேணாம்டி. நேரா வீட்டுக்கு வந்துடு."

"என்கிட்ட ஏன்க்கா முதல்லயே சொல்லலை?" என்று அம்மாவின் தலைமாட்டில் நின்று கோகிலா அக்காவிடம் கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்.

"நான் போனை எடுத்தேன்மா. அம்மாதான் தடுத்தாங்க. தூரத்துல இருக்கறவனுக்கு முதல்ல சொல்லு, அவ பக்கத்துலதான் இருக்கா, ஒன்றரை மணி நேரத்துல வந்துடுவா, வேலையைக் கெடுக்காதேன்னாங்க. மறுநாள் உங்களுக்குச் சொல்லிட்டேன்னதும் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஊரில் பெற்றவர்களை விட்டு வந்தவர்களே, தூரத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள். அவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

காரியம் முடிந்து திரும்பினேன். திருச்சியில் பன்னிரண்டரைக்கு ஏறினால் இங்கே இறங்கும்போது மணி ஏழு. விமானம் ஏறியதுமே கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளிவைப்பது என் வழக்கம். இந்த முறை மனசு வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன். பலகை மூன்று நிமிடம் என்கிறது. என் கையில் இன்னும் ஸ்ரீரங்கத்து நேரம்தான். அந்த நேரத்தில் அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.