பிசிறு வெட்டப் போன பொருளாதார வாத்தியார்

பனியன் கம்பெனித் தொழிலாளர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்கியவன் நான். ஆராய்ச்சி நடந்த ஐந்து வருடமும் ஒரு கம்பெனிக்குள்ளும் கால் வைத்ததில்லை. கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடம் கேள்வித்தாளை நீட்டுவேன். பாதிப் பேர் ஏதோ லோன் பாரம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கும் பட்டம் கொடுத்தார்கள்.

அந்தப் பட்டத்தோடு பல்லடம் பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிகப் பொருளாதார ஆசிரியராகச் சேர்ந்தேன். மூன்று வருடமாகத் தற்காலிகம். வேலையை நிரந்தரம் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய ஒரு குழு வரும், என் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கும் என்று முதல்வர் சொன்னார். "நாளைக்குப் பதினோரு மணிக்குங்க. வகுப்பு நிறைய இருக்கோணும். காலி பெஞ்சைப் பாத்தாங்கன்னா நானே சிபாரிசு சொன்னாலும் உங்க வேலை நிக்காதுங்க."

என் வகுப்பில் இருபத்திரண்டு பேர். அந்த வாரம் வந்தது நான்கு பேர். ஷிப்மென்ட் நேரம். துணி கப்பல் ஏறுகிற வாரத்தில் எங்கள் ஊரில் பிள்ளைகள் கல்லூரிக்கு வரமாட்டார்கள், கம்பெனிக்குப் போவார்கள். விசாரித்தால், என் பிள்ளைகளில் பதினான்கு பேர் அருள்புரத்தில் ஒரே கம்பெனியில் இருந்தார்கள். அன்று சாயங்காலமே போய் மேனேஜரைப் பார்த்தேன்.

"ஏனுங்க சார், பதினாலு பேரும் போயிட்டா பிசிறு யாருங்க வெட்டறது?" என்றார். தைத்து முடித்த பனியனில் தொங்குகிற நூலைக் கத்தரிக்கிற வேலை அது.

"நான் வெட்டறனுங்க" என்றேன். வாய் முந்திக்கொண்டது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆள் கிடைக்காத வாரம் பாருங்கள், சம்மதித்துவிட்டார். காலை ஏழிலிருந்து பத்து வரைக்கும் நானும் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். பத்து மணிக்கு எல்லோரையும் கம்பெனி வேனிலேயே கல்லூரிக்கு அனுப்பிவிடுவார்.

மறுநாள் காலை நான் வெட்டிய மூன்றாவது பனியனில் நூலோடு சேர்த்துத் துணியும் போனது. பக்கத்தில் என் மாணவி, திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பெண், அதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"சார், ஓட்டை வழியா உங்க மூஞ்சி தெரியுது."

"கத்தரி சரியில்லம்மா."

"கிளாஸ்ல நாங்க புஸ்தகம் சரியில்லன்னு சொன்னா ஒத்துக்கிடுவியளா?"

பத்து மணிக்கு வேன் வந்தது. கூடவே இன்னொரு காரும் வந்தது. துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க முன்னறிவிப்பு இல்லாமல் அனுப்பிய ஆடிட்டர். மேனேஜர் முகம் வெளுத்தது. பிள்ளைகளுக்கெல்லாம் அடையாள அட்டை, வருகைப் பதிவு எல்லாம் சரியாக இருந்தன. "நீங்க வேன்ல ஏறுங்க கண்ணு, சார் பின்னாலயே வருவாரு" என்று அவர்களை அனுப்பினார். நானும் எழுந்தேன். ஆடிட்டர் என்னைத்தான் கூப்பிட்டார். அட்டை இல்லாத ஒரே ஆள் நான்.

தனி அறையில் உட்காரவைத்தார். "பயப்படாம சொல்லுங்க. எத்தனை நாளா வேலை செய்றீங்க?"

"இன்னைக்குத்தானுங்க."

"சம்பளம் எவ்வளவு பேசியிருக்கு?"

"சம்பளம் இல்லீங்க."

பேனா நின்றது. "யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இங்கயாங்க, காலேஜ்லயாங்க?"

அவர் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தி, "என்ன படிச்சிருக்கீங்க?" என்றார்.

"பிஎச்.டி.ங்க."

"எதுல?"

"பனியன் கம்பெனித் தொழிலாளர்களப் பத்தித்தானுங்க."

மனிதர் எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். கல்லூரி அட்டையைக் காட்டி, முதலிலிருந்து கதையைச் சொல்லி, அவர் அதை நம்பி, சிரித்து, மறுபடி சந்தேகப்பட்டு, மேனேஜரையும் கேட்டுவிட்டு என்னை விடும்போது மணி பதினொன்றேகால். வேலை போயிற்று என்று முடிவு கட்டிக்கொண்டுதான் பைக்கை உதைத்தேன்.

வகுப்பு ஜன்னலுக்கு வெளியே மூச்சிரைக்க நின்று எட்டிப் பார்த்தேன். பெஞ்செல்லாம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் குழு. போர்டுக்கு முன்னால் அந்தத் திருநெல்வேலிப் பெண். அன்றைய பாடம் வேலைப் பகுப்பு. நான் மூன்று முறை நடத்தி, மூன்று முறையும் ஆளைத் தூங்கவைத்த பாடம். அவள் எட்டுப் பேரை வரிசையாக நிற்கவைத்து, ஒருத்தன் கட்டிங், ஒருத்தி தோள் தையல், ஒருத்தி கழுத்துப் பட்டி என்று ஒரு நோட்டுத் தாளைக் கைமாற்றிக் கைமாற்றிப் பனியனாக்கிக்கொண்டிருந்தாள்.

குழுத் தலைவர் கேட்டார்: "ஒருத்தரே முழுசாத் தைச்சா என்னம்மா?"

"தைக்கலாம் சார். முடிக்கதுக்குள்ள கப்பல் கெளம்பிரும்."

வகுப்பே சிரித்தது. உள்ளே போகக் காலைத் தூக்கினேன். போனால் அந்தப் பாடம் கெடும் என்று தெரிந்தது, ஜன்னலோரமே நின்றுவிட்டேன். ஒரு வாத்தியாராக அன்றுவரை நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

வெளியே வந்த தலைவர் என்னைப் பார்த்தார். "ஓ, இங்கிருந்து கவனிச்சிட்டு இருந்தீங்களா? மாணவர்களையே நடத்தவிட்டு?"

"ஆமாங்க" என்றேன். அந்த ஒரு சொல்லால் எனக்குத் தூக்கம் கெட்டது, மூன்றாம் நாள் முதல்வரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்க இல்லாதப்ப நல்லாத்தான் நடத்தறீங்க. இத இத்தோட உடுங்க" என்றார்.

நிரந்தர உத்தரவு வந்தது. மாணவர்களைப் பேசவிட்டு ஆசிரியர் ஒதுங்கி நிற்கும் முறையைப் பாராட்டி ஒரு வரியும் அதில் இருந்தது. அந்த முறையை மற்ற ஆசிரியர்களுக்கும் விளக்கச் சொல்லி ஒரு கூட்டம் வைத்தார்கள். ஒரு மணி நேரம் விளக்கினேன். ஒருவரையும் வாயைத் திறக்கவிடவில்லை.