படுதாவை இறக்கிவிட்டு மழையில் நின்றேன்

ஐந்தாறு வருடம் இருக்கும். பல்லடத்துக்கும் பொங்கலூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் கோழிப்பண்ணை. அந்த வருடம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. தை, மாசி, பங்குனி எல்லாம் போய்ச் சித்திரையும் பாதி ஆகியிருந்தது. கிணறு வறண்டு, போர் மோட்டாரைப் போட்டால் தண்ணீருக்குப் பதில் காற்றுதான் உறுமிக்கொண்டு வந்தது. தினமும் மூன்று மணிக்கு மேல் தெற்கே கருக்கும். நானும் வாசலுக்கு வந்து நின்று பார்ப்பேன். எங்கள் ஸ்டாப்பில் நிற்காமல் போகும் பிரைவேட் பஸ் மாதிரி, மேகம் எங்களைப் பார்த்தும் பார்க்காதது போல வெள்ளகோவில் பக்கம் போய்விடும். எனக்கு அதன்மேல் கோபம் கோபமாக வரும். வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. கோழிக் கம்பெனிக்காரர்கள் குஞ்சு கொண்டுவந்து விடுவார்கள், நாங்கள் வளர்த்துக் கொடுப்போம். இதுதான் எங்கள் பிழைப்பு. அதற்கு முந்தைய பேட்ச்சில் வெயில் தாங்காமல் பாதிக்குப் பாதி செத்துவிட்டது. இந்தத் தடவையும் அப்படி ஆனால் இனி இந்த ஷெட்டுக்குக் குஞ்சு விட மாட்டோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். என் கணவரும் போதும், மூடிவிட்டு இரண்டு பேரும் பனியன் கம்பெனிக்குப் போய்விடலாம் என்றார். நான்தான் இன்னும் ஒரே ஒரு பேட்ச் என்று அடம்பிடித்தேன். வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோழி வளர்ப்பில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு.

லாரித் தண்ணீர் வாங்கி, சாக்கை நனைத்துக் கட்டி, கூரைமேல் தென்னங்கீற்று பரப்பி, முப்பத்தைந்து நாள் கடத்திவிட்டேன். இன்னும் மூன்று நாளில் கோழி பிடிக்க வண்டி வரும் என்றிருந்தது. நாலாயிரம் கோழி, ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல், நகர முடியாமல் மெத்தென்று உட்கார்ந்திருக்கும்.

அன்று சனிக்கிழமை. கணவர் வெள்ளகோவிலில் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை விசேஷத்துக்குப் போயிருந்தார். ஐந்தரை மணி இருக்கும், திடீரென்று காற்று மாறியது. மண் வாசனை வந்தது. நான் நம்பவில்லை. முதல் துளி கையில் விழுந்த பிறகுதான் நம்பினேன். ஓடிப்போய் ஷெட்டின் இரண்டு பக்கமும் கம்பிவலைமேல் தொங்கும் படுதாக்களை அடிவரை இறக்கிவிட்டேன். சாரல் உள்ளே அடித்துத் தரையில் பரப்பியிருக்கும் தேங்காய் நார்த்தூள் நனைந்தால் நோய் வந்துவிடும். மழை என்றதும் கை தானாகச் செய்கிற வேலை அது. இறக்கிவிட்டு வாசலுக்கு வந்தேன். பெரிய பெரிய துளியாக விழுந்து, சட்டென்று வலுத்தது.

நான் மழையில் நின்றுவிட்டேன். வயசுக்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ளவில்லை. வாயைத் திறந்து குடித்தேன், தலையை நிமிர்த்திச் சிரித்தேன், தனியாகப் பேசிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் மணி நேரத்துக்குக் குறையாது.

அப்போது ரோட்டில் ஒரு கம்பெனி வேன் நின்றது. திருப்பூரில் பனியன் வேலை முடிந்து வீடு திரும்புகிற பெண்களை அழைத்துப் போகிற வேன். மழையில் நனைய வேண்டும் என்று டிரைவரிடம் கெஞ்சி நிறுத்தியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. ஏழெட்டுப் பெண்கள் சிரித்துக்கொண்டே இறங்கி, செல்போனையும் சாப்பாட்டுப் பையையும் வைக்க முதலில் எங்கள் ஷெட்டின் கூரை ஓரத்துக்கு ஓடிவந்தார்கள். பையை வைத்த ஒரு பெண் மட்டும் திரும்பவில்லை. படுதாவில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

“யக்கா, உள்ள கோழியெல்லாம் ஒரு மாதிரி மூச்சு வாங்கிக்கிட்டு கெடக்கு. ஃபேன் ஓடுற சத்தமே இல்ல, கரண்டு போயிட்டு போல.”

ஷெட்டுக்கு ஓடினேன். மழை என்றால் எங்கள் பக்கம் முதலில் கரண்ட்தான் போகும். ஃபேன் நின்றுவிட்டது. நான் படுதாவை ஒரு முழம் இடைவெளிகூட விடாமல் மூடியிருந்தேன். நாள் முழுக்கக் காய்ந்த ஷெட், உள்ளே நாலாயிரம் உயிர், ஒரு பொட்டுக் காற்று இல்லை. முப்பத்தைந்து நாள் வெயில் கொல்லாததை நான் கால் மணி நேரத்தில் கொன்றுகொண்டிருந்தேன்.

கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. கோழிகள் வாயைப் பிளந்து இளைத்துக்கொண்டிருந்தன. மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவியலாகக் கிடந்தன. நான் படுதாக் கயிற்றை இழுத்தேன். நனைந்த கயிறு உருளையில் இறுகிக்கொண்டது. யாரையும் உதவிக்குக் கூப்பிடக்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண்கள் தாங்களாகவே உள்ளே வந்தார்கள்.

இரண்டு பேர் என்னோடு கயிற்றில் தொங்கினார்கள். படுதா ஒவ்வொன்றாக ஏறியது. மற்றவர்கள் குவியலிலிருந்து கோழிகளைத் தூக்கி விலக்கிப் போட்டார்கள். அதில் ஒருத்தி கம்பெனியில் செக்கிங் பார்ப்பவளாம். துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற அதே கண்ணோடு ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, உயிருள்ளதை ஒரு பக்கம், போனதை ஒரு பக்கம் வைத்தாள். கோழி என்றாலே பயம் என்ற ஒரு சின்னப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் கையில் பழைய போர்வையின் ஒரு நுனியைக் கொடுத்து, மறு நுனியை இன்னொருத்தி பிடித்துக்கொண்டாள். கட்டிங் டேபிளில் துணி விரிக்கும்போது இரண்டு பேர் எப்படி உதறுவார்களோ, அப்படி உதறிக் கோழிகளுக்குக் காற்று வீசினார்கள். அதைப் பார்த்து வேறு இரண்டு பேர் கதவோரம் கிடந்த என் பழைய சேலையை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஷெட்டுக்குள் அடித்த நெடியில் எனக்கே கண் எரிந்தது. அவர்கள் மூக்கைப் பொத்தக்கூடக் கையை எடுக்கவில்லை.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. கோழிகள் ஒவ்வொன்றாக வாயை மூடின. சில எழுந்து தண்ணீர்க் கிண்ணத்துக்கு நடந்தன. நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். நூற்றுச் சொச்சம் போய்விட்டது. மிச்சம் அத்தனையும் பிழைத்தது. மூன்றாம் நாள் வண்டி வந்தது. எங்கள் ஷெட்டுக்குக் குஞ்சு விடுவதை அவர்கள் இன்றுவரை நிறுத்தவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

எல்லாம் அடங்கி வெளியே வந்தோம். மழை நின்றிருந்தது. சுத்தமாக நின்றுவிட்டது. மேற்கே மஞ்சள் வெயில்கூட அடித்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். அந்தப் பெண்கள் வானத்தை ஒரு தடவை பார்த்தார்கள், அவ்வளவுதான். தகர ஷீட் போட்ட லைன் வீடுகளில் வெந்து, பகல் முழுக்க மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, எங்களைப் போலவே மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள். நனைவதற்கென்றே வேனை நிறுத்தியவர்கள். வேனிலிருந்து கூரை ஓரம்வரை ஓடிவந்தபோது விழுந்த நாலு துளியோடு சரி.

“உங்க மழையெல்லாம் என்ற கோழிக்கே போச்சே கண்ணு” என்றேன்.

முதலில் சத்தம் கேட்ட அந்தப் பெண், கழுத்திலிருந்து முதுகுவரை வேர்வையில் ஊறியிருந்த சுடிதாரைப் பிழிந்து காட்டினாள். “அதான் நனைஞ்சிட்டோம்லாக்கா” என்று சிரித்துவிட்டு வேனில் ஏறினாள்.

திங்கட்கிழமை கடலை வேகவைத்து எடுத்துக்கொண்டு ரோட்டில் நின்றேன். கூச்சத்தோடு வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வேன் போகும்போதெல்லாம் கை காட்டுவார்கள், நானும் காட்டுவேன். பேர்கூட ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கோடையில் மறுபடி மழையே வரவில்லை. அடுத்த மழை ஆவணியில்தான் வந்தது. அதற்குள் அந்த வேன் எங்கள் வழியில் வருவது நின்றுபோயிருந்தது. கம்பெனி இடம் மாறியதோ, அவர்கள் ஊருக்கே போய்விட்டார்களோ, சொல்வாரில்லை.

இப்போதும் ஒவ்வொரு கோடையிலும் மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வந்தால் படுதாவில் இடைவெளி விட்டு, கரண்ட் இருக்கிறதா என்று பார்த்து, எல்லாம் சரி என்று ஆன பிறகுதான் வாசலுக்கு வருவேன். இந்த மழையிலாவது அந்தப் பெண்கள் எங்கேயோ ஒரு தெருவில் ஆசைதீர நனைந்துகொண்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன்.